பேட்டரிக்கும் சென்சாருக்கும் புளூடூத் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரையோரம் சோலார் வேலை பார்ப்பவர்களிடம் இப்போதெல்லாம் பேனலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. புளூடூத்தைப் பற்றிக் கேட்பவர்களே அதிகம். இராமேஸ்வரத்துத் தங்கும் விடுதியின் மொட்டைமாடி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணை, பாம்பன் ஃபைபர் படகு என எங்கே போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று இருக்கும். அதற்குள் செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். பலகை, அந்தப் பலகையில் ஒரு புளூடூத். பக்கத்தில் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் கண்காணிப்பு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். ஐஸ் பெட்டியின் வெப்பநிலை, தொட்டியின் நீர்மட்டம், சிலிண்டரில் மிச்சமுள்ள எரிவாயு ஆகியவற்றைச் சொல்லக் கம்பியில்லாச் சென்சார்கள் சில.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பார்ப்பதற்குப் புளூடூத் போதும். சார்ஜைக் கட்டுப்படுத்துவதற்குக் கம்பிதான் வேண்டும். இதை ஏற்றுக்கொள்பவர்களுக்குக் கீழே உள்ள கேள்விகளில் பாதி எழவே எழாது.

பேட்டரி தனியாக இருந்தால் தெரிகிறது, சென்சார் தனியாக இருந்தால் தெரிகிறது. இரண்டையும் சேர்த்தால் ஏதாவது ஒன்று விழுந்துவிடுகிறது. ஏன்?

இரண்டும் புளூடூத் லோ எனர்ஜி என்ற ஒரே முறையில்தான் இயங்குகின்றன, ஆனால் பேசும் விதம் வேறு. வெப்பநிலைச் சென்சார் யாருடனும் இணைவதில்லை. குறிப்பிட்ட இடைவெளியில் தன் அளவைக் காற்றில் அறிவித்துவிட்டு உறங்கிவிடும். ரூவி டேக் என்ற சென்சார் என்றால் ஏறக்குறைய 1.3 நொடிக்கு ஒரு முறை அறிவிக்கும். மீன் ஏலம் கூறுபவரின் குரலைச் சுற்றி நிற்கும் அத்தனை பேரும் கேட்கலாம் அல்லவா, அதே போலத்தான். ஒன்றிரண்டு அறிவிப்பு காதில் விழாமல் போனாலும் நட்டமில்லை, அடுத்தது வந்துவிடும்.

பி.எம்.எஸ். அப்படிப்பட்டதல்ல. அதனுடன் ஒருவர் இணைய வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். அது பதில் சொல்லும். இணைப்பு நிலைத்திருக்க இரு தரப்பும் மில்லி விநாடிக் கணக்கில் நேரம் தவறாமல் சந்தித்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தையில் உள்ள பெரும்பாலான பி.எம்.எஸ். பலகைகள் ஒரு நேரத்தில் ஒரே ஓர் இணைப்பைத்தான் ஏற்கும்.

இப்போது உங்கள் சிறு கணினியை நினைத்துப் பாருங்கள். அதில் இருப்பது ஒரே ஒரு புளூடூத் ரேடியோ. சென்சார் மென்பொருள் அதை ஓயாமல் தேடல் நிலையிலேயே வைத்திருக்க விரும்புகிறது. பேட்டரி மென்பொருள் அதை இணைப்பு நிலைக்குக் கொண்டுபோக விரும்புகிறது. லினக்ஸில் புளூடூத்தைக் கவனிக்கும் புளூஸீ, ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வந்தால் ‘இன் ப்ராக்ரஸ்’ என்ற பிழையைத் திருப்பித் தரும். பேட்டரி மென்பொருள் மறுபடி முயலும். சில முறை தோற்றதும், ரேடியோவே பழுது என்று முடிவு கட்டி அதை அணைத்து மறுபடி போடும். அந்த நேரத்தில் சென்சார் பக்கம் செத்துவிடும். பிறகு சென்சார் மென்பொருள் எழுந்து தேடலைத் தொடங்கும், பேட்டரி விழும். ரேடியோ தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்து எழுதப்பட்ட இரண்டு மென்பொருள்களை ஒரே பெட்டியில் அடைத்தால் இதுதான் நடக்கும். இரண்டில் எதையும் ‘கெட்ட மென்பொருள்’ என்று திட்டுவதில் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. இணைப்பு சட்டென்று அறுந்தால் பி.எம்.எஸ்.ஸுக்கு அது உடனே தெரியாது. பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே அது காத்திருக்கும். புளூடூத் விதிப்படி இந்தக் காத்திருப்பு 32 நொடி வரை போகலாம். அதற்குள் நீங்கள் நான்கு தடவை முயன்றிருப்பீர்கள், நான்கும் தோற்றிருக்கும். ஆகவே துண்டித்தால் ஒரு நிமிடம் பொறுத்து முயலுங்கள். இணைப்பை இரண்டு நொடிக்கு ஒரு முறை தட்டிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அது கிடைப்பதே இல்லை.

திரையில் பேட்டரித் தரவு வராவிட்டால் பேட்டரிக்கு ஆபத்தா?

இல்லை. பி.எம்.எஸ். தன் காவல் வேலைக்குப் புளூடூத்தை நம்பியிருக்கவில்லை. ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டப் போனால் சார்ஜை வெட்டுவதும், 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கினால் வெளியே போகும் மின்சாரத்தை நிறுத்துவதும், சூடு கூடினால் அணைப்பதும் அந்தப் பலகையே தனியாகச் செய்யும் வேலை. வெட்டும் அளவுகள் பலகைக்குப் பலகை சற்று மாறும். உங்கள் கைபேசியில் எண் தெரிகிறதா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. புளூடூத் வழியாக வரும் எண்களை வைத்து மென்பொருள் சார்ஜரை அடக்கி ஆளும்படி அமைத்திருந்தால், இணைப்பு போனதும் சார்ஜும் நின்றுவிடலாம். அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

கைபேசிச் செயலியில் பேட்டரியின் பெயரே வரவில்லை. புளூடூத் எரிந்துவிட்டதா?

பெரும்பாலும் வேறு யாரோ இணைந்திருக்கிறார்கள். இணைப்பில் இருக்கும்போது பல பி.எம்.எஸ். பலகைகள் தம் பெயரை அறிவிப்பதையே நிறுத்திவிடும். அதனால் தேடினால் தெரியாது. அந்த ‘வேறு யாரோ’ உங்கள் சிறு கணினியாக இருக்கலாம், வீட்டில் மகன் கையில் உள்ள கைபேசியாகவும் இருக்கலாம். அவர் செயலியை மூடியதாக நினைத்திருப்பார். அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள எல்லாக் கைபேசிகளிலும் புளூடூத்தை அணையுங்கள், சிறு கணினியை நிறுத்துங்கள், ஒரு நிமிடம் கழித்து ஒரே கைபேசியில் பாருங்கள். பெயர் வந்துவிட்டால் பலகை நலமாக இருக்கிறது.

அப்படியும் வரவில்லை என்றால் அனுமதிகளைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 6 முதல் 11 வரை உள்ள கைபேசிகளில் புளூடூத் தேடலுக்கு இருப்பிட அனுமதி வேண்டும். இருப்பிட வசதியும் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 12 முதல் ‘அருகிலுள்ள சாதனங்கள்’ என்று தனி அனுமதி வந்துவிட்டது. பழைய செயலிகள் சில இதையும் கேட்கும், அதையும் கேட்கும். ‘பேட்டரி பார்க்க என் இருப்பிடம் எதற்கு?’ என்று சந்தேகப்பட்டு மறுத்தவர்கள் ஏராளம். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் மறுத்தால் செயலி எதுவும் சொல்லாமல் வெறும் பட்டியலைக் காட்டும்.

தேடல் பொத்தானை அடுத்தடுத்து அழுத்துவதும் கெடுதல். ஆண்ட்ராய்டு 7 முதல் ஒரு செயலி 30 நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தேடலைத் தொடங்கினால் அதன் பிறகு எதையும் காட்டாமல் தடுத்துவிடும்.

ஜெட்டியில் படகுகள் நெருக்கமாக நிற்கும்போது ஒரே பெயரில் நான்கைந்து பேட்டரிகள் தெரிகின்றன. எது என்னுடையது?

ஒரே கடையில் ஒரே தயாரிப்பை வாங்கினால் இப்படித்தான் ஆகும். தொழிற்சாலையில் வைத்த பெயரும், 1234 போன்ற எளிய கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். பக்கத்துப் படகுக்காரர் தவறுதலாக உங்கள் பேட்டரியோடு இணைந்துவிட்டால் உங்கள் கருவி எதிலும் தரவு வராது. அவர் ‘டிஸ்சார்ஜ்’ பொத்தானை அணைத்துப் பார்த்தால் உங்கள் படகு இருண்டுவிடும். இது கற்பனை அல்ல. டோக்கன் வாங்கிக் கடலுக்குக் கிளம்பும் நாள் அதிகாலையில் இப்படி ஒரு இருட்டு யாருக்கும் வேண்டாம்.

முதல் நாளே பெயரை மாற்றுங்கள். படகின் பதிவு எண்ணின் கடைசி இலக்கங்களைச் சேர்த்தால் போதும். கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஒவ்வொரு புளூடூத்துக்கும் ஆறு ஜோடி எழுத்து எண்களால் ஆன தனி முகவரி உண்டு. அதைக் குறித்து பேட்டரியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த முகவரி தெரியும். ஐபோன் அதைச் செயலிகளுக்குக் காட்டாது, தானே ஓர் அடையாளத்தைச் சூட்டிக்கொள்ளும். ஆகவே முகவரியைக் குறிக்க ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சிறு கணினியில் தகராறு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறுமையாக, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி. முதலில் எல்லாக் கைபேசிகளின் புளூடூத்தையும் அணைத்து அவற்றைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். அடுத்து சென்சார் தேடலை மட்டும் நிறுத்துங்கள். விக்ட்ரான் நிறுவனத்தின் கண்காணிப்பு மென்பொருளான வீனஸ் ஓ.எஸ். என்றால் புளூடூத் சென்சார்களை அணைப்பதற்கு அமைப்புகளில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேட்டரித் தரவை மட்டும் கவனியுங்கள். தடங்கலே இல்லை என்றால் பேட்டரி, தூரம், கடவுச்சொல் எல்லாம் சரி என்று பொருள். இப்போது நேர்மாறாகச் செய்யுங்கள்: பேட்டரி மென்பொருளை நிறுத்தி, சென்சாரை மட்டும் ஓடவிடுங்கள். அதுவும் சரியாக இருந்து, இரண்டையும் சேர்க்கும்போது மட்டும் விழுந்தால் அது ரேடியோத் தகராறுதான்; மேற்கொண்டு ஆராய வேண்டாம்.

பேட்டரி தனியாக ஓடும்போதே துண்டித்தால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. தூரம், இரும்புப் பெட்டி, மின்னழுத்தம், உப்பு, இந்த வரிசையில் தேடுங்கள். பேட்டரியை இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு புளூடூத் பலவீனம் என்று சொல்பவர்கள் மூடியைத் திறந்துவைத்து ஒரு முறை பார்க்கலாம்.

கணினியை அணைத்துப் போட்டால் சரியாகி, சில மணி நேரத்தில் மறுபடி விழுவதும் ரேடியோத் தகராறின் அடையாளமே. மறுதொடக்கம் செய்ததும் பேட்டரி மென்பொருள் முதலில் எழுந்து இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. எப்போதாவது ஒரு முறை அது தவறும்போது திரும்பப் பிடிக்க முடிவதில்லை. தினமும் அதிகாலை தானாக மறுதொடக்கம் ஆகும்படி அமைத்துக்கொண்டு சிலர் காலத்தை ஓட்டுகிறார்கள். வேலை செய்யும், ஆனால் அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு புளூடூத் டாங்கிள் வாங்கிச் செருகினால் போதுமா?

டாங்கிள் என்பது யு.எஸ்.பி. துளையில் செருகும் தனிப் புளூடூத் ரேடியோ. அது போதும், ஆனால் செருகியதும் தானாகப் பங்கு பிரிந்துவிடாது. லினக்ஸ் முதல் ரேடியோவை ஹெச்சிஐ 0 என்றும் இரண்டாவதை ஹெச்சிஐ 1 என்றும் அழைக்கும். பேட்டரிக்கு ஒன்று, சென்சாருக்கு ஒன்று என்று மென்பொருளிடம் சொல்ல வழியிருக்கிறதா என்று வாங்குவதற்கு முன்பே பாருங்கள். இல்லையென்றால் இரண்டும் ஹெச்சிஐ 0-இலேயே போய் மொய்க்கும், புதிய டாங்கிள் சும்மா மின்னிக்கொண்டிருக்கும். வழியிருந்தாலும் ரேடியோவை எண்ணால் குறிக்காமல் அதன் முகவரியால் குறிப்பது நல்லது. கணினி மறுதொடக்கம் ஆகும்போது 0-வும் 1-உம் இடம் மாறிவிடுவது உண்டு.

செருகும் இடமும் முக்கியம். ராஸ்பெர்ரி பை 4-இல் நீல நிறத் துளைகள் யு.எஸ்.பி. 3. அவற்றில் வேகமாகத் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழும். புளூடூத் வாழ்வதும் அதே பகுதியில்தான். டாங்கிளைக் கறுப்பு நிறத் துளையில், ஒரு முழ நீள நீட்டிப்புக் கம்பியோடு செருகுங்கள். ராஸ்பெர்ரி பையின் சொந்த வைஃபையும் புளூடூத்தும் ஒரே சிப்பில் ஒரே ஆண்டெனாவைப் பங்கு போட்டுக்கொள்பவை. ஆகவே வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலோ, நெட்வொர்க் கேபிள் இழுத்தாலோ டாங்கிள் வாங்காமலே பாதி நோய் குணமாகலாம்.

பி.எம்.எஸ்.ஸைக் கம்பியில் இணைக்கச் சொல்கிறீர்கள். அதில் தொல்லை ஏதும் இல்லையா?

இருக்கிறது, அதுவும் பணத்தைக் கரைக்கும் தொல்லை. ஆனால் ஒரு தடவை ஒழுங்காகச் செய்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பல பி.எம்.எஸ். பலகைகளில் ஆர்.எஸ். 485, யு.ஏ.ஆர்.டி., சிலவற்றில் கேன் என்று கம்பி வழிகள் உண்டு. தன்னார்வலர்கள் எழுதிய டிபஸ் சீரியல் பேட்டரி போன்ற மென்பொருள்கள் இந்த வழிகளிலும் படிக்கும், புளூடூத்திலும் படிக்கும். இரண்டும் கைவசம் இருக்கும்போது புளூடூத்தைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் சோம்பல். கம்பிக்கு மாறியதும் ரேடியோ முழுவதும் சென்சார்களுக்கே கிடைத்துவிடும். சென்சார்களுக்கு அறிவிப்பைக் கேட்பது மட்டுமே வேலை என்பதால் அந்தப் பக்கம் எத்தனை சேர்த்தாலும் சண்டை வராது.

தொல்லை எங்கே என்றால், விலை குறைந்த பி.எம்.எஸ். பலகைகளில் பெரும்பாலானவை எதிர்முனை (நெகட்டிவ்) கம்பியைத்தான் வெட்டுகின்றன. யு.ஏ.ஆர்.டி. கம்பியின் தரைமுனையோ பேட்டரியின் நேரடி எதிர்முனையில் பிணைந்திருக்கும். பேட்டரி தீர்ந்து பி.எம்.எஸ். வெட்டும் கணத்தில், படகின் மற்ற எல்லா மின்சாதனங்களுக்கும் எதிர்முனைப் பாதை அறுந்துபோகிறது. ஒரே ஒரு பாதை மட்டும் மிச்சம்: உங்கள் சிறு கணினியின் யு.எஸ்.பி. கம்பி. விளக்கும் பம்பும் இழுக்கும் மின்சாரம் எல்லாம் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்ப முயலும். கணினி போகும், சில நேரம் பி.எம்.எஸ்.ஸின் தொடர்புப் பகுதியும் சேர்ந்து போகும். முதல் தடவை பேட்டரி முழுவதும் தீரும் வரை எல்லாம் ஒழுங்காக ஓடும் என்பதால் இந்தத் தவறு மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

ஆகவே பி.எம்.எஸ். கம்பியைக் கணினியின் யு.எஸ்.பி.யோடு இணைக்க, இரு பக்கமும் மின்சாரத்தால் தொடாதபடி மின்தனிமை கொண்ட மாற்றி மட்டுமே வாங்குங்கள். கடையில் ‘ஐசோலேட்டட்’ என்று கேட்டால் தெரியும். சாதாரண மாற்றியைவிட விலை சில மடங்கு கூடும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஆர்.எஸ். 485 என்றால் முறுக்கிய ஜோடிக் கம்பியைப் பயன்படுத்துங்கள்; ஏ, பி முனைகள் மாறினால் தரவு வராதே தவிர எதுவும் எரியாது, மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்.

வெயில் கொளுத்துகிறது, பேட்டரி பாதிதான் இருக்கிறது, ஆனால் சோலார் சார்ஜர் 67 என்ற பிழையைக் காட்டி நின்றுவிட்டது. பேனலா, சார்ஜரா?

இரண்டும் இல்லை. விக்ட்ரான் சார்ஜர்களில் 67 என்றால் பி.எம்.எஸ்.ஸோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான்.

கண்காணிப்பு மென்பொருள் பேட்டரித் தரவைப் படிப்பதோடு நிற்காமல், ‘இவ்வளவு வோல்ட், இவ்வளவு ஆம்பியர்தான் ஏற்றலாம்’ என்று சார்ஜருக்குக் கட்டளையும் அனுப்பும்படி அமைத்திருந்தால், சார்ஜர் தன்னை பி.எம்.எஸ். கட்டுப்பாட்டில் இருப்பதாகக் குறித்துக்கொள்ளும். அதன் பிறகு கட்டளை வரவில்லை என்றால் தன் இஷ்டத்துக்கு ஏற்றாது; நிறுத்திவிடும். பாதுகாப்பு நோக்கில் அது சரியான நடத்தைதான். ஆனால் அந்தக் கட்டளை புளூடூத் வழியாக வரும் எண்களை நம்பியிருந்தால், ஐஸ் பெட்டிச் சென்சாருக்காக ரேடியோ தேடலில் இறங்கியது, அதனால் பேட்டரி இணைப்பு போனது, அதனால் பட்டப்பகலில் சார்ஜ் நின்றது என்று சங்கிலியாக முடியும். இறால் பண்ணையில் இது நடந்தால் இரவில் ஏரேட்டர் ஓடாது, குளத்தில் ஆக்சிஜன் குறையும். வெப்பநிலைச் சென்சார் ஒன்றுக்காகக் குளத்து இறாலைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

உடனடி வழி: தொடர்பை மீட்டால் பிழை தானாக நீங்கும். பி.எம்.எஸ். கட்டுப்பாடே வேண்டாம் என்று முடிவு செய்தால், மென்பொருளில் அதை அணைத்தால் மட்டும் போதாது. சார்ஜருக்குள்ளும் ‘பி.எம்.எஸ். கட்டுப்பாடு’ என்ற குறி நிலைத்திருக்கும். விக்ட்ரான் கனெக்ட் செயலியில் போய் அதை நீக்க வேண்டும். பிறகு சார்ஜரிலேயே பேட்டரிக்கு ஏற்ற வோல்ட் அளவைப் பதித்துவிடுங்கள். நான்கு செல் கொண்ட 12.8 வோல்ட் பேட்டரிக்கு உச்சம் 14.6, கொஞ்சம் கீழே, 14.2 அளவில் வைப்பது என் வழக்கம். இந்தக் கரையின் வெயிலுக்கு அது பேட்டரியின் ஆயுளுக்கும் நல்லது.

ஐஸ் பெட்டியில் வைத்த சென்சார் கரையில் தெரிகிறது. மீன் ஏற்றித் திரும்பும்போது காணாமல் போகிறது. பேட்டரி மென்பொருள்தான் காரணமா?

காரணம் மீன். புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், உப்புத் தண்ணீர் இன்னும் வேகமாக விழுங்கும். மீன் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். ஐஸ் உருகி நிற்பதும் தண்ணீர். சென்சாரைப் பெட்டியின் அடியில் போட்டு மேலே சாளையைக் கொட்டினால் எந்த மென்பொருளாலும் அதைக் கேட்க முடியாது. மூடியின் உட்புறத்தில் கட்டுங்கள். தெர்மோகோலும் ஃபைபரும் அலையைத் தடுப்பதில்லை. மூடியில் அலுமினியத் தகடு ஒட்டியிருந்தால் மட்டும் சிக்கல். மூடியில் வைத்தால் அடியில் உள்ள வெப்பத்தைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகக் காட்டும். அதை ஒரு முறை ஒப்பிட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும்.

வி.ஹெச்.எஃப். வயர்லெஸில் பேசும்போதெல்லாம் புளூடூத் போய்விடுகிறது. இரண்டும் மோதுகின்றனவா?

கடல் வி.ஹெச்.எஃப். 156 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகிறது. புளூடூத் 2,400 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். இவ்வளவு தள்ளி இருப்பவை நேரடியாக மோதிக்கொள்வது அரிது. ரேடார், ஜி.பி.எஸ். மீதும் பழி போட வேண்டாம், அவையும் வேறு அலைவரிசைகள். நடப்பது வேறு: 25 வாட்டில் பேசும் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கருவி 12 வோல்ட்டில் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். அதே மெல்லிய கம்பியில் சிறு கணினிக்கான 5 வோல்ட் மாற்றியும் தொங்கிக்கொண்டிருந்தால் மின்னழுத்தம் சரியும். ராஸ்பெர்ரி பைக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் எச்சரிக்கும். இன்னும் போனால் யு.எஸ்.பி. டாங்கிளோ கணினியோ மறுதொடக்கம் ஆகும். மாற்றிக்குப் பேட்டரியிலிருந்தே தனிக் கம்பி, தனி ஃப்யூஸ் கொடுங்கள்.

விடுதியில் பத்து அறைக்கும் வைஃபை வைத்திருக்கிறோம். அதுவும் சேர்ந்து கெடுக்குமா?

கொஞ்சம். சென்சார்கள் அறிவிக்கும் மூன்று அலைவரிசைகள் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில் உள்ளன. வைஃபையின் 1, 6, 11-ஆம் சேனல்களுக்கு இடையிலும் ஓரங்களிலும் உள்ள சந்துகளில் விழும்படி அவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே ரௌட்டர்கள் இந்த மூன்று சேனல்களில் மட்டும் இருந்தால் பாதிப்பு குறைவு. ஒவ்வொன்றையும் 3, 4, 9 என்று இஷ்டத்துக்கு வைத்தால் சந்துகள் அடைபடும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ்தான். அதன் பக்கத்தில் சிறு கணினியை வைக்காதீர்கள்.

சிறு கணினிக்குப் பதில் இ.எஸ்.பி. 32 பலகையைப் பேட்டரி பக்கத்தில் வைத்து, அதன் மூலம் படிக்கலாமா?

வீட்டுக்கும் விடுதிக்கும் நல்ல யோசனை. அந்தப் பலகை தன் புளூடூத்தில் பி.எம்.எஸ்.ஸோடு பேசி, வைஃபையில் தரவைக் கொடுத்துவிடும். உங்கள் கணினியின் ரேடியோ சென்சாருக்கு மட்டும் என்று ஆகிவிடும். விலையும் குறைவு. பலகைக்கும் பேட்டரிக்கும் கம்பித் தொடர்பு இல்லாததால் முன்னால் சொன்னபடி கருவி எரிந்துபோகும் ஆபத்தும் இல்லை. படகில் நான் பரிந்துரைக்க மாட்டேன். உப்புக் காற்றில் பழுதாக இன்னும் ஒரு பொருள், அவ்வளவுதான்.

தடைக்காலம் முடிந்து படகை இறக்கினால் பேட்டரி எதிலும் தெரியவில்லை. இதுவும் அதே தகராறா?

இல்லை, பசி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டதாக நினைத்தாலும் பி.எம்.எஸ்.ஸும் அதன் புளூடூத்தும் சிறிதளவு தின்றுகொண்டே இருக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட 61 நாளில் 29 ஆம்பியர் மணி போய்விடும். சிறு கணினியை அணைக்க மறந்திருந்தால் கேட்கவே வேண்டாம்: 0.3 ஆம்பியர் என்றால் நாளுக்கு ஏழு ஆம்பியர் மணி. பாதி நிரம்பிய 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி.

செல்கள் மிகவும் இறங்கியதும் பி.எம்.எஸ். தன்னையே உறக்கத்தில் ஆழ்த்திக்கொள்ளும், புளூடூத்தும் உறங்கிவிடும். சார்ஜர் மின்னழுத்தத்தைக் காட்டினாலோ, பொத்தான் உள்ள மாதிரிகளில் அதை அழுத்தினாலோ எழும். தடைக்காலத்துக்கு முன் பேட்டரியைப் பாதிக்குச் சற்று மேல் நிரப்பி, முதன்மைச் சுவிட்சை அணைத்து, சிறு கணினியின் ஃப்யூஸைக் கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை கைபேசியில் எட்டிப் பாருங்கள்.

சென்சாரின் நாணய பேட்டரி அடிக்கடி தீர்ந்துபோகிறது.

அறிவிப்பு இடைவெளியைக் கூட்டுங்கள். தொட்டி நீர்மட்டம் நொடிக்கு நொடி தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. மாற்றும்போது எண்ணைப் பாருங்கள்: ரூவி டேக் கேட்பது சி.ஆர். 2477, பல மலிவுச் சென்சார்கள் கேட்பது சி.ஆர். 2032. தடிமன் வேறு, மாற்றிப் போட முடியாது. 2477 நம் பக்கத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, கூடுதலாக வாங்கி வையுங்கள்.

உப்புக் காற்றிலிருந்து காப்பதற்கு எல்லாவற்றையும் சிலிகான் பூசி அடைத்துவிடலாமா?

வினிகர் வாசனை வரும் சிலிகானைத் தொடவே வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. மூடிய பெட்டிக்குள் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதற்கு உப்பைவிட அதுவே போதும். ‘நியூட்ரல்’ என்று எழுதியுள்ள வகையை வாங்குங்கள். டாங்கிளின் முனையையும் நாணய பேட்டரியின் தொடுமுனையையும் ஆண்டுக்கு இரண்டு தடவை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்னும் அடிக்கடி.

பி.எம்.எஸ்.ஸின் உள்மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகுமா?

ஓடுகிறதைப் புதுப்பிக்காதீர்கள். புதுப்பித்ததும் தரவு வடிவம் மாறி, அதுவரை படித்துக்கொண்டிருந்த கண்காணிப்பு மென்பொருள் திகைத்து நிற்பது சாதாரணம். குறிப்பிட்ட பழுதுக்கென்று தயாரிப்பாளரே சொன்னால் மட்டும், கரையில் வைத்து, கைபேசியைப் பேட்டரியின் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

உதவி கேட்டு அழைக்கும்போது என்ன விவரம் தர வேண்டும்?

‘புளூடூத் வேலை செய்யவில்லை’ என்பதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பி.எம்.எஸ். பலகையின் மாதிரி எண், சிறு கணினி எது, கண்காணிப்பு மென்பொருளின் பதிப்பு, எத்தனை சென்சார், பேட்டரிக்கும் கணினிக்கும் உள்ள தூரம், நடுவில் இரும்பு ஏதும் உண்டா, எத்தனை கைபேசியில் செயலி இருக்கிறது, இவை போதும். துண்டித்த நேரத்தையும், அப்போது வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஒரு தாளில் குறித்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து அனுப்பும்போது கடவுச்சொல் தெரியும் இடத்தை மட்டும் மறைத்துவிடுங்கள்.